இலையைக் கடைசிக்கு வைத்தோம்

எங்கள் வீட்டில் இலையுதிர் கால வேலைகளுக்கு ஒரு வரிசை வந்தது, வெளிக் குழாய் வெடித்த பிறகுதான்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வருடம் அது. பின்புறம் பெரிய மேப்பிள் மரம் ஒன்று, வேலியை ஒட்டி லைலாக் புதர், நடுவே புல்தரை, சமையலறை சன்னலுக்கு நேரே நான்கு காய்கறிப் பாத்திகள். இலை கொட்டத் தொடங்கியதும் வேறெதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. சனி, ஞாயிறு வந்தால் ஆளுக்கொரு இலைவாரியோடு இறங்கிவிடுவோம். மூன்று வாரம் வாரினோம். பைபையாகக் கட்டி வாசலில் வைத்தோம். காய்ந்த செடிகளை வேரோடு பிடுங்கினோம். லைலாக் கண்டபடி வளர்ந்திருக்கிறதே என்று அதையும் நான் ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்டேன். எல்லாம் முடிந்த அன்று மாலை தோட்டம் மெழுகிய தரை போலக் கிடந்தது. குளிருக்குத் தயாராகிவிட்டோம் என்ற நிம்மதியோடு உள்ளே போனோம்.

பனி விலகி வெயில் ஏறிய முதல் வாரத்தில் கணவர் வெளிக் குழாயைத் திறந்தார். வெளியே நூலாகத்தான் தண்ணீர் வந்தது. கீழறையில் இருந்த மகன் ஓடிவந்து, "அம்மா, சுவருக்குள்ளேருந்து தண்ணி கொட்டுது!" என்றான். சுவரைப் பிரித்துப் பார்த்தபோது குழாய் நீளவாக்கில் ஒரு விரல் அளவுக்குப் பிளந்திருந்தது. ஹோஸ் பைப்பைக் கழற்றாமலே விட்டிருந்தோம். அது மாட்டியிருந்ததால் குழாய்க்குள் இருந்த தண்ணீர் வடியவில்லை. தண்ணீர் உறையும்போது அதன் அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். அடைபட்ட குழாய்க்குள் அந்த ஒன்பதுக்கு இடம் கிடையாது. பிளவு குளிர்காலத்திலேயே விழுந்துவிட்டது. குழாயைத் திறக்கும்வரை நமக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அதே வசந்தத்தில் லைலாக் ஒரு பூக்கூட விடவில்லை. பாத்தி மண் மழையில் அறைபட்டு, மேலே ஓடு போல இறுகிக் கிடந்தது. இந்த மூன்று இழப்புக்கும் காரணம் ஒன்றே என்று எனக்குப் பட்டது. கண்ணுக்குத் தெரிந்த இலையை மட்டும் வேலையாக எண்ணி, அதற்கே எல்லா நேரத்தையும் கொடுத்திருந்தோம். வாரினால் உடனே சுத்தம் தெரிகிறது, மனசுக்கும் திருப்தியாக இருக்கிறது. ஆனால் இலைக்குக் கெடு எதுவும் இல்லை. கெடு இருந்ததெல்லாம் மற்ற வேலைகளுக்கு.

அந்தக் கோடையில் மாமா, கணவரின் அப்பா, எங்களோடு வந்து தங்கினார். இளவயதில் வயல் வேலை பார்த்தவர். அடுத்த இலையுதிர் காலம் தொடங்கி நான் பைகளை எடுத்து வைத்தபோது, "எதுக்கும்மா பை?" என்று கேட்டார்.

"இலையைக் கட்டி வெளிய வைக்க, மாமா."

"மண்ணுலேருந்து மரம் எடுத்தது. அதை ஏம்மா வீட்டை விட்டு அனுப்பறே?"

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு தாளில் நடுவே கோடு கிழித்தோம். இடப்பக்கம் "உறைபனிக்கு முன்". வலப்பக்கம் "எப்போது வேண்டுமானாலும்". வீட்டுக்குள்ளும் வெளியிலும் நினைவுக்கு வந்த வேலைகளையெல்லாம் ஏதாவது ஒரு பக்கத்தில் எழுதினோம். இலை வாருவது வலப்பக்கத்துக்குப் போனது. அந்த வருடம் செய்ததையும் தவறியதையும் அதே தாளின் பின்னால் குறித்துவைத்தோம். இப்போது வருடத்துக்கொரு தாள் சேர்ந்திருக்கிறது. எல்லாம் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிக் கிடக்கின்றன.

இடப்பக்கத்தில் முதல் வரி தண்ணீர். இதில் உள்வரிசையும் முக்கியம். முதலில் ஊசியிலை மரங்களுக்கும், அந்த வருடம் நட்ட கன்றுகளுக்கும் வேர் ஆழம்வரை ஊறும்படி தண்ணீர் விடவேண்டும். பச்சையாகவே நிற்கும் மரங்கள் குளிரிலும் இலை வழியாக ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். மண் உறைந்துவிட்டால் வேரால் எதையும் உறிஞ்ச முடியாது. குளிர் முடிந்ததும் ஊசிகள் பழுப்பாகிக் கொட்டுவதற்குப் பெரும்பாலும் இந்த வறட்சிதான் காரணம். நாங்கள் ஒரு வருடம் குழாயை முதலில் மூடிவிட்டு, பிறகு நினைவு வந்து, சமையலறையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தோம்.

மரங்கள் குடித்து முடித்ததும் ஹோஸ் பைப்பைக் கழற்றுவோம். ஒரு முனையைத் தோள்மேல் போட்டுக்கொண்டு மறுமுனைவரை நடந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் முழுக்க வடிந்துவிடும். பிறகு சுருட்டி உள்ளே மாட்டிவிடலாம். அடுத்து, வீட்டுக்குள் அந்தக் குழாய்க்கென்று இருக்கும் வால்வை மூடவேண்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்களுடையது கீழறையில் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இப்போது மகள் அதில் சிவப்பு நாடா கட்டிவைத்திருக்கிறாள். கடைசியாக வெளிக் குழாயைத் திறந்து, மிச்சமிருக்கும் நீர் சொட்டி முடியும்வரை நின்று, திறந்தபடியே விட்டுவிடுவோம். மூடிவைத்தால் அந்தச் சிறிய நீளத்திலும் தண்ணீர் தங்கிவிடும். மழைநீர் பீப்பாயையும் பூவாளிகளையும் கவிழ்த்துவிடுவோம். மண் தொட்டிகளைக் கொட்டகைக்குள் கொண்டுபோவோம். ஈரம் குடித்த சுட்ட மண் உறைந்தால் செதில் செதிலாக உடையும்.

அடுத்தது உறைபனி இரவு. அது எப்போது வரும் என்று முன்கூட்டியே உணரப் பழகியதுதான் தோட்டத்தில் எனக்குக் கிடைத்த பெரிய கல்வி. மேகம் இல்லாமல், காற்று இல்லாமல், நட்சத்திரங்கள் துலக்கமாகத் தெரிகிற இரவில்தான் ஆபத்து அதிகம். மேகம் போர்வை மாதிரி பூமியின் சூட்டைத் தடுத்து வைக்கும். அது இல்லாதபோது சூடு நேரே வானத்துக்குப் போய்விடுகிறது. வானிலை அறிக்கையில் 3 டிகிரி செல்சியஸ் என்று இருந்தாலும் நான் அசட்டையாக இருக்க மாட்டேன். அந்த அளவு தரையிலிருந்து ஆள் உயரத்தில் எடுப்பது. தரையை ஒட்டி அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும், பாத்தியில் இருக்கும் செடிக்கு அதுதான் கணக்கு.

அப்படிப்பட்ட மாலையில் பழைய பருத்திப் போர்வைகளை எடுத்துக்கொண்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவோம். செடியின்மேல் போர்த்தி, ஓரம் தரையைத் தொடும்படி விட்டு, கல் வைப்போம். செடியின் சூடு என்று ஒன்று இல்லை. பகலில் மண் வாங்கிவைத்த வெப்பத்தைத்தான் போர்வை பிடித்து வைக்கிறது. அதனால் தண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு அடியைத் திறந்துவிட்டால் பயன் இல்லை. பிளாஸ்டிக் தாளை இலைமேல் படும்படி போட்டால், பட்ட இடமெல்லாம் கருகிவிடும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். முதல் உறைபனிக்குப் பிறகு இரண்டு வாரம் நல்ல வெயில் அடிப்பதும் உண்டு. ஒரே ஒரு இரவைக் காப்பாற்றியதால் அந்த இரண்டு வாரமும் மிளகாய் பழுத்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

தக்காளிக்கு நான் அத்தனை மல்லுக்கட்டுவதில்லை. குளிர் இறுகிவிடும் என்று தெரிந்தால் முழு வளர்ச்சி அடைந்த பச்சைக் காய்களைப் பறித்துவிடுவேன். கல் மாதிரி கரும்பச்சையாக இருப்பது பழுக்காது. மேல்தோல் கொஞ்சம் வெளிறி மினுமினுப்பு வந்திருந்தால் பழுக்கும். தக்காளி பழுக்க வெயில் வேண்டியதில்லை, இதமான சூடு போதும். ஒரு அட்டைப் பெட்டியில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, பழுத்த வாழைப்பழம் ஒன்றைக் கூடவே வைப்பேன். பழுத்த பழம் விடுகிற எத்திலீன் என்ற வாயுதான் மற்றதையும் பழுக்கத் தூண்டுகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை பெட்டியைப் பார்த்து, புள்ளி விழுந்ததை எடுத்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பழுப்பது நின்று, சுவையும் போய்விடும்.

தொட்டிச் செடிகளை உள்ளே கொண்டுவருவதற்கு உறைபனிவரை காத்திருக்கக் கூடாது. இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதே மல்லிகையும் மிளகாயும் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். மிளகாயை எல்லாரும் ஒரு பருவச் செடி என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது பல ஆண்டு வாழக்கூடியது. காய்களைப் பறித்துவிட்டு, கிளைகளை ஓரளவு குட்டையாக வெட்டி, வெளிச்சமுள்ள சன்னலோரம் வைத்து, மண் காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் குளிரைத் தாண்டிவிடும். அடுத்த வருடம் புதிய நாற்றுக்கு முன்னால் அது பூக்கும். எங்கள் வீட்டில் ஒரு செடி நான்காவது வருடத்தில் இருக்கிறது. தண்டு மரம் மாதிரி தடித்துவிட்டது.

உள்ளே வருவதற்கு முன் ஒவ்வொரு இலையின் அடிப்பக்கத்தையும் பார்ப்பது மகளின் பொறுப்பு. அசுவினி, வெள்ளை ஈ, சிலந்திப் பேன் எதுவாக இருந்தாலும் அடிப்பக்கம்தான் ஒளியும். ஒரே ஒரு தொட்டியைப் பார்க்காமல் உள்ளே வைத்த வருடம், வீட்டிலிருந்த எல்லாச் செடிக்கும் அசுவினி பரவியது. வெளியில் அதைத் தின்ன பொறிவண்டு உண்டு, வீட்டுக்குள் யாரும் இல்லை. அதிலிருந்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, ஒரு வாரம் தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகே மற்ற செடிகளோடு சேர்க்கிறோம். உள்ளே வந்ததும் சில இலைகள் மஞ்சளாகிக் கொட்டும். வெளிச்சம் குறைந்ததற்குச் செடி செய்துகொள்ளும் சரிக்கட்டல் அது. அதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் ஊற்றினால்தான் வேர் அழுகும்.

வீட்டுக்குள் செய்யும் வேலைகள் கணவரின் பங்கு. சூடேற்றும் இயந்திரத்தை முதல் குளிர் நாளில் போட்டுப் பார்த்து, ஓடவில்லை என்று திகைப்பதைவிட, இதமான நாளிலேயே பழுது பார்ப்பவரை அழைத்துவிடலாம். வடிகட்டியை மாற்றி, காற்று வரும் துளைகளுக்கு முன்னால் சோபாவோ திரையோ மறைக்காமல் நகர்த்துவார். எரிவாயு, விறகு, எண்ணெய் என்று எதை எரித்துச் சூடேற்றினாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வீட்டில் கட்டாயம் இருக்கவேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று தொடங்கும்போது காய்ச்சலோ என்று நினைத்துப் படுத்துவிடுவோம், அங்கேதான் உயிருக்கு ஆபத்து. படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று வைத்திருக்கிறோம். பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார், பின்புறம் அச்சிட்ட காலாவதித் தேதியையும் பார்ப்பார். அந்தக் கருவிக்கும் ஆயுள் உண்டு என்பது எங்களுக்குப் பல வருடம் தெரியாமல் இருந்தது.

சன்னல், கதவு இடுக்கில் குளிர்காற்று நுழைகிறதா என்று பார்க்க ஊதுபத்தியைப் போல எளிய கருவி இல்லை. காற்றடிக்கிற நாளில், திரையை ஒதுக்கிவிட்டு, பற்றவைத்த ஊதுபத்தியைச் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை நேராக ஏறினால் சரி. வளைந்து ஓடினால் அங்கே இடுக்கு இருக்கிறது. நுரைப்பட்டை ஒட்டி அடைத்துவிடலாம். எங்கள் வீட்டில் சன்னல்களைவிடப் பின்கதவின் அடியில்தான் அதிகம் நுழைந்தது.

கூரையோரத்துக் கட்டர் (மழைநீரை வடிக்கும் கால்வாய்) சுத்தம் செய்வதில் எனக்கும் மாமாவுக்கும் வருடா வருடம் வாக்குவாதம் நடக்கும். பாதி இலை மரத்திலிருக்கும்போதே ஏணியைத் தேடுவார். "மாமா, நீங்க ஏறக் கூடாது. அவர் வரட்டும்" என்பேன். "தென்னை ஏறினவன்மா நான்" என்பார். இப்போது ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் மகனுக்கு (கணவருக்கு) உத்தரவு போடுவதோடு சமாதானமாகிவிட்டார். ஏணிக்கு ஒரு கணக்கு உண்டு: அது சாயும் இடம் 4 அடி உயரமென்றால் ஏணியின் கால் சுவரிலிருந்து 1 அடி தள்ளி இருக்க வேண்டும். 12 அடி உயரத்துக்கு 3 அடி. இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். எட்டாத இடத்தைச் சாய்ந்து எட்டிப் பிடிக்கப் பார்க்காமல், இறங்கி ஏணியை நகர்த்த வேண்டும். ஈரத்தில் ஏறவே கூடாது. மரம் முழுக்க உதிர்ந்த பிறகு ஒரே தடவையாகச் செய்வதுதான் எங்கள் வழக்கம். கட்டரை வழித்ததும் ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி, கீழே வடிகுழாயின் வாயில் நின்று பார்க்கவேண்டும். மேலே சுத்தமாகவும் குழாயின் வளைவில் அடைத்தும் இருப்பது சாதாரணம். தேங்கிய தண்ணீர் உறைந்தால் கூரைக்குள் கசியும், வடியாத தண்ணீர் வீட்டின் அடித்தளத்தில் இறங்கும்.

இத்தனை தற்காப்புக்கு நடுவே, புதிதாக ஒன்றை நடுவது இந்தக் காலத்தில்தான் என்பது எனக்கு இன்றும் சந்தோஷம் தருகிறது. பூண்டு. உறைபனி விழத் தொடங்கிய பிறகு, மண் இறுகுவதற்குச் சில வாரம் முன்பு நடவேண்டும். வேர் பிடிக்க நேரம் வேண்டும், தளிர் நீளமாக வெளியே வந்துவிடவும் கூடாது. பல்லைத் தோல் உரியாமல் பிரித்து, பெரியதாகப் பார்த்து எடுப்போம். சின்னப் பல் சின்னப் பூண்டைத்தான் தரும், அதைச் சமையலுக்கு வைத்துக்கொள்வேன். கூர்முனை மேலே, தட்டை அடி கீழே, 5 செ.மீ. ஆழம், 15 செ.மீ. இடைவெளி. மேலே இலைத்தூளால் ஒரு சாண் மூடாக்கு. இவ்வளவுதான். அடுத்த கோடையில் கீழிலைகள் பழுப்பானதும் தோண்டலாம். பூண்டு பல்பல்லாகப் பிரிவதற்கே குளிர் தேவை. ஒரு முறை தாமதமாகி, வசந்தத்தில் நட்டோம். பிரியாத ஒற்றை உருண்டைகளாக வந்தன. சுவையில் குறை இல்லை, உரிக்கவும் எளிது. ஆனால் ஒரு பல் நட்டு ஒரு பல் எடுத்ததாக ஆனது.

டியூலிப் கிழங்குகளைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம் என்ற ஒரே விதி அவர்களுக்குப் போதும். அணில் தோண்டும் இடமானால், நட்டதும் மேலே கம்பி வலையைப் பரப்பி லேசாக மண் போடவேண்டும். தளிர் அந்தக் கண்ணி வழியாக ஏறிவரும்.

டாலியாவுக்கு நேர் எதிர்முறை, அதைத் தோண்டி எடுக்க வேண்டும். முதல் உறைபனியில் இலை கருத்ததும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, கிழங்கைச் சுற்றி அகலமாகத் தோண்டி, கழுத்து ஒடியாமல் தூக்க வேண்டும். கண் அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது, அது ஒடிந்தால் கிழங்கு எவ்வளவு பெருத்திருந்தாலும் முளைக்காது. முதல் முறை கழுவிய ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தேன். குளிர் முடிந்து அவிழ்த்தபோது கூழாகிவிட்டிருந்தது. இப்போது சில நாள் நிழலில் உலரவிட்டு, காய்ந்த மணலில் புதைத்து, உறையாத குளிர்ந்த மூலையில் வைக்கிறோம்.

எதை வெட்டுவது என்பதைவிட எதை வெட்டாமல் விடுவது என்று கற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று. லைலாக், ஃபோர்சித்தியா போல வசந்தத்தில் பூக்கும் புதர்கள் அடுத்த வருட மொட்டைக் கோடையிலேயே கட்டிவைத்துவிடுகின்றன. நான் அன்று அழகாக வெட்டித் தள்ளியது அத்தனையும் பூ. அவற்றைப் பூத்து முடிந்த உடனே வெட்டவேண்டும். ரோஜாவையும் குளிர் முடியும்வரை தொடுவதில்லை. சூரியகாந்தி, எக்கினேசியா போன்றவற்றின் காய்ந்த தலைகளை நிற்கவிட்டால் குளிர் முழுக்கக் குருவிகள் வந்து விதை கொத்தும். உள்ளீடற்ற தண்டுகளுக்குள் சிறு தேனீ வகைகள் குளிரைக் கழிக்கும். எடுக்க வேண்டியது நோய் கண்டதை மட்டும்: கருகல் வந்த தக்காளிக் கொடி, சாம்பல் நோய் பிடித்த பூசணிக் கொடி, கீழே உதிர்ந்து அழுகும் பழங்கள். இவற்றை மட்கு உரத்திலும் போடக்கூடாது. வீட்டு உரக்குழி நோய்க்கிருமி சாகும் அளவுக்கு எப்போதும் சூடாகிவிடாது.

கடைசியாக இலை.

மாமா சொன்னதை நான் மறுக்கவில்லை, ஆனால் அதன் காரணம் புரிந்தது பிறகுதான். குளிர் நெருங்கும்போது மரம் இலையின் பச்சையத்தைச் சிதைத்து, அதிலிருக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதியைக் கிளைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும், முன்பே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாவது. எடுக்க வேண்டியதை எடுத்ததும், காம்படியில் ஒரு மெல்லிய அடுக்கு வளர்ந்து இலையைப் பிரித்துவிடுகிறது. ஆக, நம் தோட்டத்தில் விழுவது பெரும்பாலும் கரிமம்தான். அதனால்தான் வெறும் இலையை உரம் என்று நம்பிச் செடிக்குப் போட்டால் ஏமாற்றம் வருகிறது. அது சோறு இல்லை, மண்ணுக்குப் போர்வையும் தண்ணீர்ப் பானையும். "மண்ணு அம்மணமா இருக்கக் கூடாதும்மா" என்று மாமா சொல்வதன் பொருள் இதுதான். முதல் வருடம் நாங்கள் மண்ணை அப்படித்தான் விட்டிருந்தோம், ஓடாக இறுகியது.

எங்கள் இலை இப்போது நான்கு இடத்துக்குப் போகிறது. புல்தரையில் மெல்லிசாக விழுந்தது அங்கேயே இருக்கட்டும் என்று புல்வெட்டியை இரண்டு முறை ஓட்டிவிடுகிறோம். தூளாகிப் புல்லுக்கிடையே இறங்கிவிடும். தடிமனாக, ஈரமாகப் படிந்தால் மட்டும் வாரவேண்டும், இல்லாவிட்டால் புல் மூச்சுத் திணறி வெளுத்துப்போகும். இரண்டாவது, பாத்திகள்மேல் மூடாக்கு. இங்கும் தூளாக்கிப் போடுவது நல்லது. முழு இலை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, தண்ணீர் இறங்காத பாயாகிவிடும். மரத்தடியில் போடும்போது தண்டிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடவேண்டும்.

மூன்றாவது, காய்ந்த இலையைச் சாக்குகளில் கட்டிக் கொட்டகையில் வைக்கிறோம். சமையலறைக் கழிவு வருடம் முழுக்க வருகிறது. அதை மூட உலர்ந்த சருகு இலையுதிர் காலத்தில் மட்டும் கிடைக்கிறது. ஒரு வாளிக் காய்கறித் தோலுக்கு இரண்டு மூன்று வாளிச் சருகு என்று போட்டால் நாற்றமும் வராது, ஈயும் வராது. கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற அளவில் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும், வாளிக் கணக்கு அதற்கு நெருக்கமாகக் கொண்டுவிடுகிறது. முன்பு எங்கள் உரத்தொட்டி கோடையில் நாறியதற்குக் காரணம் சருகு இல்லாததுதான். அந்தச் சருகைத்தான் பைபையாகக் கட்டி அனுப்பியிருந்தோம்.

மீதி எல்லாம் நான்காவது இடமான இலைமட்குக் கூண்டுக்கு. கம்பி வலையை வட்டமாக, ஒரு மீட்டர் அகலத்துக்குக் கட்டியிருக்கிறோம். இதில் வேலை செய்வது பூஞ்சை. உரக்குழி மாதிரி சூடாகாது, கிளறவும் வேண்டாம். ஈரமும் பொறுமையும்தான் வேண்டும். முதல் முறை காய்ந்த முழு இலையைத் திணித்து மூடிவிட்டோம். ஒரு வருடம் கழித்துத் திறந்தால் நடுப்பகுதி போட்டபடியே சலசலத்தது. அடுத்த முறை தூளாக்கி, ஒரு அடுக்குக்கு ஒரு பூவாளித் தண்ணீர் தெளித்து நிரப்பினோம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு வரவேண்டும் என்பது மாமாவின் அளவு. இரண்டாம் வருடம் முடிந்தபோது கூண்டில் கால்வாசி உயரத்துக்கு இறங்கி, தேயிலைத்தூள் மாதிரி கருத்து, உதிரியாக இருந்தது. பாத்தியில் போட்ட இடத்தில் மண்வெட்டி வைக்காமலே விரல் இறங்குகிறது. இப்போது இரண்டு கூண்டு வைத்திருக்கிறோம், ஒன்று நிரம்ப, ஒன்று முதிர. வேலிக்கு அப்பாலிருந்து விழும் கருப்பு வால்நட் இலையை மட்டும் சேர்ப்பதில்லை. அதிலிருக்கும் ஜக்லோன் என்ற பொருள் தக்காளி வகைச் செடிகளை வாடவைக்கும்.

வாரும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் இருக்க இரண்டே யோசனை. பழைய படுக்கை விரிப்பைத் தரையில் விரித்து அதன்மேல் வாரி, நான்கு முனையையும் பிடித்து இழுத்துப் போங்கள், குனிந்து அள்ளுவது பெரும்பாலும் மிச்சமாகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடக்கையையும் வலக்கையையும் மாற்றிப் பிடியுங்கள். படிக்கட்டில் விழுந்த ஈர இலையை மட்டும் அன்றன்றே தள்ளிவிட வேண்டும். அதற்குக் கெடு உண்டு, வழுக்கும்.

மாமா கடைசி வாரத்தில் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மண்வெட்டியையும் கத்தரியையும் மண்போகத் துடைத்து, அரம் போட்டு, எண்ணெய் தடவித் தொங்கவிடுகிறார். அவர் எண்ணெய்த் துணியை மடித்து வைத்தால் அந்த வருட வேலை முடிந்தது என்று வீட்டில் அர்த்தம்.

அன்று இரவு தாளின் பின்பக்கத்தை எழுதுவோம். இந்த வருடம் என் கையெழுத்தில் "பூண்டு 60 பல், நெருக்கம் அதிகம்" என்று இருக்கிறது. அதன் கீழே மகன் ஒரு வரி சேர்த்திருக்கிறான்: "டாலியாவுக்குப் பெயர்ச்சீட்டு பூ இருக்கும்போதே கட்டணும். கருத்த பிறகு எது எந்த நிறம்னு தெரியல."